மீன்குளத்தைப் பருவத்துக்குப் பருவம் காப்பது எப்படி?

கொல்லைப்புற மீன்குளத்துக்கு நாட்காட்டியைவிட நீர் வெப்பமானிதான் நல்ல வழிகாட்டி. குளத்து நீரின் சூடுதான் மீனின் உடற்சூடு. பசி, செரிமானம், நோய் எதிர்ப்பு எல்லாம் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

கோடையில் பெரிய ஆபத்து ஆக்சிஜன் பற்றாக்குறை. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். மீனின் தேவையோ சூடு ஏற ஏறக் கூடுகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டியதும் தானும் அதைச் சுவாசிக்கத் தொடங்குவதால் விடியலுக்குச் சற்று முன்புதான் நிலைமை மிக மோசம். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். வெயில் ஏறியதும் கீழே போய்விடும் என்பதால், காலை எட்டு மணிக்குப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் காற்று பம்பை நிறுத்தவே கூடாது.

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மை, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது: 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். பாசி மிகுந்த குளத்தில் பிஎச் மாலையில்தான் உச்சம் தொடும்; சோதனையையும் அப்போதே செய்யுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

குளிர் முடிந்து நீர் சூடேறும் வாரங்களில் மீனின் பசி முதலில் விழித்துக்கொள்ளும், பாக்டீரியா பின்தங்கும். கோய் (அலங்காரக் கெண்டை), தங்கமீன்களுக்கு நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தீனி வேண்டாம். 10 முதல் 15 வரை, எளிதில் செரிக்கும் தீனி, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும். நைட்ரைட் ஏறினால் 1000 லிட்டருக்கு ஒரு கிலோ சாதாரண உப்பை வாளியில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்; உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் புகுவதைத் தடுக்கும். நீர் ஆவியானாலும் உப்பு குளத்திலேயே தங்கும். ஆகவே மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே மறுபடி சேர்க்க வேண்டும்.

இலையுதிர் பருவத்தில் குளத்துக்கு மேல் வலை கட்டிவிடுங்கள். அடியில் மக்கும் இலை ஆக்சிஜனைத் தின்னும்.

பனி உறையும் இடங்களில் 4 டிகிரி நீர்தான் அடர்த்தி மிகுந்தது, அதனால் அடியில் தங்கும். மீன்கள் அங்கேதான் குளிரைத் தாங்கிக் கிடக்கும். காற்றுக்கல்லை (காற்று பம்பின் குழாய் முனையில் குமிழி விடும் கல்) அடியில் விட்டால் அந்த நீரும் மேல்குளிரோடு கலந்துவிடும், ஆகவே பாதி ஆழத்துக்கு உயர்த்துங்கள். மேற்பரப்பு மூடிவிட்டால் சுத்தியலால் உடைக்காதீர்கள், அதிர்ச்சி அலை மீனைத் தாக்கும். வெந்நீர் நிரப்பிய பாத்திரத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, வாயு வெளியேற ஒரு துளை உருக்கினால் போதும்.