தீபாவளிக்கு வீட்டோட சேத்து மீன் தொட்டியையும் கழுவிடாதீங்க

போன வருஷம் தீபாவளி முடிஞ்சு ரெண்டாம் நாள், இங்க டர்பன் சாட்ஸ்வர்த்துல இருந்து ஒரு ஆன்ட்டி ஐஸ்க்ரீம் டப்பாவுல மீனோட என் கிளினிக்குக்கு வந்தாங்க. கிரிபென்சிஸ்னு தொட்டியில வளக்குற ஒரு சின்ன மீன், அதுல ஆண். வால் கிழிஞ்சிருக்கு, தண்ணிக்கு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. "தம்பி, ஏதோ மருந்து வாங்கி ஊத்தினேன், கேக்கல, நல்ல ஆன்டிபயாடிக்கா குடு"ன்னாங்க.

போன்லயே தொட்டித் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லியிருந்தேன், மொதல்ல அதத்தான் டெஸ்ட் பண்ணேன். அமோனியா ஏறிக் கெடக்கு. என்ன பண்ணீங்கன்னு கேட்டா, விருந்தாளிங்க வர்றாங்கன்னு வீடு பூரா கழுவினப்போ தொட்டியையும் காலி பண்ணி, ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாயடியில பிழிஞ்சு புதுசு மாதிரி ஆக்கிட்டாங்க. அந்தப் பழுப்புக் கசடுலதான் மீனோட உயிரே இருக்கு. மீன் கழிவுல வர்ற அமோனியாவ நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு, குழாய்த்தண்ணி குளோரின் பட்டா செத்துடும், மறுபடி அது முழுசா வளர 4லருந்து 6 வாரம் ஆகும். அதுவும் டர்பன் நவம்பர் சூட்டுல கேக்கவே வேணாம், தண்ணி சூடும் பிஎச்சும் (காரத்தன்மை) ஏற ஏற அமோனியாவோட விஷம் கூடும். இந்த நேரத்துல ஆன்டிபயாடிக் ஊத்தினா மிச்சமிருக்கிற நல்ல பாக்டீரியாவும் போயிடலாம். ஸ்பாஞ்ச தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே லேசா அலசுங்க, அது போதும். தண்ணி மாத்துறப்போ கால்வாசி மட்டும், குளோரின் எடுக்கிற மருந்து கலந்து.

சரி, வால் ஏன் கிழிஞ்சுது? பொண்டாட்டி கடிச்சது. ஆன்ட்டி நம்பவே இல்ல. கிரிபென்சிஸ்ல பொண்ணுதான் செர்ரிப்பழ நிறத்துல வயித்த வளைச்சுக் காட்டி ஆணக் கூப்பிடும், கவுத்து வச்ச மண்பானைக்குள்ள முட்டை போடும், சுமார் 3 நாள்ல பொரியும், இன்னொரு 4, 5 நாள்ல குஞ்சுங்க நீந்த ஆரம்பிக்கும். அப்போ அம்மா கோழி மாதிரி குஞ்சுங்கள கூட்டிட்டுத் திரியும் பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்காது! ஆனா அந்த நேரம் கிட்ட வர்ற யாரையும் விடாது, சில சமயம் புருஷனையும்தான். இவங்க தொட்டி ஒன்றரை அடி, ஒரே ஒரு பானை, ஆண் எங்க ஓடும்? ஜோடிக்கு மட்டும்னாலே 60 சென்டிமீட்டர் நீளம் வேணும், ஒளிய ரெண்டு மூணு குகை, நடுவுல செடி. வேற மீனோட வைக்கணும்னா இன்னும் பெருசு. மொத ஈடு முட்டைய தாங்களே தின்னுட்டா பயப்படாதீங்க, புதுசுங்களுக்கு அது சகஜம், அடுத்த தடவ பழகிக்கும். குஞ்சுக்கு அப்போதான் பொரிஞ்ச ஆர்ட்டீமியா (பொடி இறால் மாதிரி உயிர்த் தீனி) குடுங்க.

கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம், ஃபில்டர் மணிக்கணக்கா நின்னா அந்த பாக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும்.

அப்புறம் ஆன்ட்டி கேட்டாங்க, குஞ்சு ரொம்பப் பெருகிட்டா உம்கேனி ஆத்துல விட்டுடலாமான்னு. தயவுசெஞ்சு வேணாம். கிரிபென்சிஸ் நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன், நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்து ஆறுங்களோடது இல்ல. நம்ம ஆத்துக்குச் சொந்தமான மொசாம்பிக் திலாப்பியாவ 1952ல இந்தியாவுக்குக் கொண்டு போனாங்க, தமிழ்நாட்டுல ஜிலேபி கெண்டைன்னு சொல்றாங்களே அதுதான், குளம் குளமா பரவிடுச்சு. இங்கயோ வெளியில இருந்து வந்த நைல் திலாப்பியா அதே மொசாம்பிக் மீனோட கலந்து அசல் இனத்தையே அழிச்சிட்டு வருது. ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு குஞ்சு வரலாம், அதனால ஜோடி வாங்குறப்பவே, பின்னாடி குஞ்சுங்கள எடுத்துக்குவீங்களான்னு கடைக்காரர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க.

ஆன்ட்டியோட ஆண் மீனத் தனி டப்பாவுல, சுத்தமான தண்ணியில வச்சு, தினமும் கொஞ்சம் மாத்தச் சொன்னேன். மருந்து எதுவும் எழுதல. மூணு வாரத்துல வால் வளந்துடுச்சு.