வாயில் நெயில் பாலிஷ் வாசம்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் பழைய மாணவர் போன வாரம் போன் செய்தார். "சார், பேலியோ ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு. மூணு கிலோ இறங்கிட்டேன். ஆனா வாயைத் திறந்தா நெயில் பாலிஷ் வாசம் அடிக்குதுன்னு வீட்டுல தள்ளி உட்காரச் சொல்றாங்க. இது கெட்டதா? அம்மாவுக்கும் சுகர் இருக்கு. அவங்களையும் இதுல இறக்கிடலாமா?"

பேலியோ என்றால் சோறு, களி போன்ற மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பையும் புரதத்தையும் நம்பும் உணவுமுறை. மூன்று கிலோ கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, களி, இட்லியை நிறுத்தினால் இருப்பு கரைகிறது, தண்ணீர் சிறுநீராகப் போகிறது, கூடவே உப்பும் போகிறது. முதல் வாரத் தலைவலியும் கிறுகிறுப்பும் அதனால்தான். 'நச்சு வெளியேறுது' என்பதெல்லாம் கதை. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் ஒன்றிரண்டு கிலோ திரும்பி வந்துவிடும்.

அந்த வாசத்துக்கு வருவோம். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடைக்காது.

மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். உடம்பில் கொழுப்பு கிலோ கணக்கில் இருந்தும் மூளைக்கு நேரடியாக உதவாது; கொழுப்பு அமிலம் மூளையின் காவலைத் தாண்டி போதிய அளவு உள்ளே போவதில்லை. எனவே கல்லீரல் இரண்டு வேலையில் இறங்குகிறது. ஒன்று, புரதத்தின் துண்டுகளிலிருந்து குளுக்கோஸ் செய்வது. இன்னொன்று, கொழுப்பை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிப்பது. பிளஸ் டூ புத்தகத்தில் மனப்பாடம் செய்த கிரெப்ஸ் சுழற்சி, அதாவது செல்லுக்குள் எரிபொருள் எரியும் அடுப்பு, ஞாபகம் இருக்கிறதா? இந்த இரண்டு கார்பன் அசிட்டைல் துண்டு அதற்குள் நுழைய ஆக்சாலோ அசிட்டேட் என்ற ஜோடி வேண்டும். அந்த ஜோடியைத்தான் கல்லீரல் குளுக்கோஸ் செய்ய இழுத்துக்கொண்டு போய்விட்டதே! வாசலில் அசிட்டைல் துண்டுகள் குவிகின்றன.

குவிந்ததைக் கல்லீரல் வீணாக்குவதில்லை. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி நான்கு கார்பன் கொண்ட சிறு மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது. இவைதான் கீட்டோன்கள். தண்ணீரில் கரையும், மூளைக்குள்ளும் போகும். 1967-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹிலின் குழு, மருத்துவக் கண்காணிப்பில் வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களை அளந்து பார்த்தபோது, மூளை தன் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோனிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. கீட்டோனை மறுபடி எரிபொருளாக்க ஒரு நொதி தேவை. மூளையில் அது உண்டு, இதயத்தில் உண்டு, தசையில் உண்டு. செய்து அனுப்புகிற கல்லீரலில் மட்டும் அநேகமாக இல்லை! பூசாரி உண்டியலில் காசு போடலாம், சாவி மட்டும் அவரிடம் கிடையாது என்கிற மாதிரி ஏற்பாடு. இருந்திருந்தால் கல்லீரலே தின்று தீர்த்திருக்கும், மூளைக்கு மிஞ்சியிருக்காது. பஞ்ச காலங்களில் நம் மூதாதையர் பிழைத்ததில் இந்த இல்லாத நொதிக்கும் பங்குண்டு என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பையன்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோ அசிட்டேட், எந்த நொதியும் இல்லாமல் தானாகவே உடைந்து அசிட்டோன் ஆகும். நெயில் பாலிஷ் அழிக்கும் அதே அசிட்டோன். எளிதில் ஆவியாவதால் மூச்சோடு வருகிறது. மாணவர் வீட்டில் வந்த வாசம் இதுதான். ஆரோக்கியமான ஆளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

ஆரோக்கியமான ஆளுக்கு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீட்டோன் என்பது ஓர் அமிலம். அளவு மீறாமல் பிரேக் பிடிப்பது இன்சுலின். துளி இன்சுலின் இருந்தாலே பிரேக் பிடிக்கும். முதல் வகை நீரிழிவில் அந்தத் துளியும் இல்லாதபோது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் வகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் மாதிரி '-கிளிப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை குறைவதால் இன்சுலினும் குறைகிறது. அதோடு மாவுச்சத்தையும் நிறுத்தினால் மீட்டரில் 150 என்று சாதுவாகக் காட்டும்போதே உள்ளே அமிலம் ஏறக்கூடும். இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேறு தொல்லை, லோ சுகர். பிரஷர் மாத்திரைக்காரர் உப்பும் தண்ணீரும் போன வேகத்தில் மயங்கி விழலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இந்த உணவுமுறையைத் தொடவே கூடாது.

அதற்காக இது மோசடி முறை என்று சொல்லிவிடவும் முடியாது. 1921-லேயே கீட்டோ உணவை, அதாவது கீட்டோன் உருவாகும் அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவை, வலிப்பு நோய்க்கு முன்மொழிந்தார்கள், மருந்துக்கு அடங்காத குழந்தைகளுக்கு இன்றும் தருகிறார்கள். எடை விஷயத்தில்தான் அற்புதம் எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2018-இல் வந்தது: மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை.

நம் தருமபுரிப் பக்கம் 'களி தின்றவனுக்குச் சுகர் வராது' என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. கேழ்வரகில் கால்சியம் தாராளம், நாரும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். இந்தியர்களின் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சொன்ன, நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான இண்டியாப் (2025), மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியிலிருந்து சிறுதானியத்துக்கு மாறியவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைந்ததாகக் காட்டவில்லை. தாத்தா இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு ஏர் ஓட்டினார். நாம் அதை விழுங்கிவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

பென்னாகரத்துக் கூலிக்காரருக்கு எவ்வளவு களி சரி, ஓசூர் கம்பெனியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு எவ்வளவு சரி என்று யாராவது வருடக்கணக்கில் அளக்க வேண்டும். களி உருண்டைக்குக் காப்புரிமை கிடையாதே, எந்தக் கம்பெனி காசு போடும்? அரசுதான் போட வேண்டும். கீட்டோ பவுடர் டப்பாவுக்கு விளம்பரம் மட்டும் தினமும் வருகிறது.

மாணவரிடம் அம்மாவின் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டாவது பெயரே கிளிப்ளோசின் என்றுதான் முடிந்தது. டாக்டரைப் பார்க்கும் வரை ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றேன். நேற்றுப் பேசினார். டாக்டர் மாத்திரையை அப்படியே விட்டுவிட்டு உருண்டையை மட்டும் பாதியாக்கி, அவரைக்கொட்டைச் சாறும் ஒரு முட்டையும் சேர்க்கச் சொன்னாராம். அம்மாவுக்கு முட்டை வாசம் ஆகாதாம். மகனுடைய வாசத்தையே பத்து நாளாகத் தாங்குகிறார்களே என்றேன்.