தடையாணை வந்த பிறகும் எதிராளி விற்கிறாரா?

மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், களத்தில் நெல்லைக் கிளறிக் காயவைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர்க்காரர் அச்சு அசலாக அதையே செய்து விற்கிறார். திருவாரூர் மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. ஆனாலும் தை அறுவடைக்குச் சரக்கு லாரியில் போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுவார்கள். காப்புரிமை மீறல் சிவில் விவகாரம், அதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. தடை கொடுத்த நீதிமன்றத்துக்கே திரும்பப் போக வேண்டும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை, 2ஏ விதியில் மனு போடலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். 3 மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். ஜப்தி ஓராண்டுக்கு மேல் நிற்காது. அதன் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, அந்தப் பணத்தில் உங்களுக்கு நஷ்ட ஈடு தரலாம். சிறை என்றால்தான் நமக்கு மனசு ஆறும். ஆனால் என்னைக் கேட்டால் ஜப்திதான் உறைக்கும். சீசன் நேரத்தில் லேத் மெஷின் ஜப்தியில் இருந்தால் அவர் எதை வைத்துச் செய்வார்?

மனு பெரும்பாலும் தோற்பது ஆதாரத்தில்தான். தடை இருப்பது தெரிந்தே மீறினார் என்று நீங்கள் காட்ட வேண்டும். எதிராளி இல்லாமல் வாங்கிய தடை என்றால், ஆணை, மனு, ஆவணங்களின் நகல்களை உடனே பதிவுத் தபாலில் அனுப்பி, அப்படி அனுப்பியதாக அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பிய கவரைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், ஆணைத் தேதிக்குப் பிந்தைய விற்பனை பில் ஒன்றாவது வேண்டும். பட்டறைக்குள் இருப்பதைப் பதிவு செய்ய அட்வகேட் கமிஷனரை (நீதிமன்றம் நேரில் பார்த்துவர அனுப்பும் வழக்கறிஞர்) கேட்கலாம். அவரைத் தடுத்தால் போலீஸ் துணைக்கு நீதிமன்றமே உத்தரவிடும். “அந்தத் தடையே தப்பு” என்று எதிராளி சொல்வது எடுபடாது. தப்பென்றால் அப்பீல் போகட்டும்.

இன்னொரு வழி, 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தைப் பார்த்துச் சிரிப்பு வரும்தான். மீறல் நடந்து ஓராண்டுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்: திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை; தஞ்சை, திருச்சிக்கு மதுரைக் கிளை. ‘2ஏ இருக்கிறதே’ என்று அங்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. தடை கொடுத்த கீழ் நீதிமன்றத்தில் முதலில் போடுவதே நல்லது.

சரி, எதிராளி கோர்ட் பக்கமே வரவில்லை என்றால்? இது போன்ற வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பதிலுரை தராதவருக்கு அந்த உரிமையே போய்விடும். வழக்கு அவர் இல்லாமலே தீர்ப்பாகலாம். நஷ்ட ஈடு அல்லது அவர் சம்பாதித்த லாபக் கணக்கு, இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். டிகிரிக்குப் (இறுதித் தீர்ப்பாணைக்குப்) பிறகும் விற்றால் 2ஏ வேண்டாம். 21-வது கட்டளை, 32-வது விதியில் நிறைவேற்று மனு போடுங்கள். அதில் ஜப்தி 6 மாதம் ஆனதுமே சொத்தை விற்கக் கேட்கலாம்.