கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்." கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் பலர் கேட்டிருக்கும் பதில் இது. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. 18 வயது நிறைந்தவர் என்றால் ஒப்புதலுக்கான படிவம் 'சி'யில் அவருடைய கையெழுத்து மட்டும் போதும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால்தான் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். 'காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான் செய்வோம்' என்பதும் சட்டத்தில் இல்லாத நிபந்தனைதான்.

இந்தியாவில் 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை பலிக்காமல் போனதையும் காரணமாகச் சொல்லலாம். திருமணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்டவுடன் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, முடிவு மருத்துவரின் கருத்தைச் சார்ந்தது. இழுத்தடிப்பு நுழைவது இந்த இடைவெளியில்தான்.

20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிறையாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி, கருவில் கடும் குறைபாடு உள்ளவர் போன்றோருக்கு இது பொருந்தும். மணமாகாதவரை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.9.2022 அன்று தீர்ப்பளித்தது. வன்முறை என்று சொல்பவரிடம் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கவும் இடமில்லை. 24 வாரத்துக்கு மேல், கருவில் கடும் குறைபாடு இருந்தால், மருத்துவ வாரியம் 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் வார வரம்பு இல்லை.

வாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு நாள் தள்ளி இரண்டு வாரம் என்றால் அது ஏற்கெனவே 6 வாரம். மாத்திரையால் கலைக்க 9 வாரம் வரைதான் அனுமதி. ஆக, மிச்சம் இருப்பது 3 வாரம்.

மாத்திரை என்றால் முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதில் பெரிய ஆபத்து, கரு கருக்குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் போவது. அதை இந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மணிக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு முழுதாக வெளியேறியதா என்று பார்க்க மறுபடி போவதையும் தவிர்க்கக் கூடாது.

தனியார் மருத்துவமனை என்றால் கருக்கலைப்புக்கான அங்கீகாரச் சான்றிதழ் பார்வைக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தமிழ்நாட்டில் எங்கே போவது என்று 104-இல் கேட்கலாம்.

பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் இல்லாத யாரிடமும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். ஆனாலும், சிறுமியோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் அவர் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் அதில் தர வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது.