முனைவாக்கம் இருக்க, துருவமுனைப்பு எதற்கு?

நானோ பொருட்களைப் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் ‘துகளின் துருவமுனைப்பு’ வந்து நிற்கிறது. ஆங்கில ‘போலரைசேஷ’னின் மொழிபெயர்ப்பாம். பள்ளிப் பாடநூலிலேயே ‘முனைவாக்கம்’ இருக்கும்போது இதை எங்கிருந்து பிடித்தார்கள்?

மூலச்சொல்லின் வேர் ‘போலோஸ்’. கிரேக்கத்தில் சுழல் அச்சு. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலூஸ் ஒளியின் ஒரு பண்புக்கு வைத்த பெயர் போலரைசேஷன். அப்புறம் மின்னியலுக்கும் வந்தது.

சரி, பொருளுக்கு வருவோம். தங்க நானோ துகளை மின்புலத்தில் வைத்தால் எலக்ட்ரான்கள் ஒருபுறம் ஒதுங்கும். மறுபுறம் நேர்மின் மிஞ்சும். முன்பு இல்லாத இரு முனைகள் உண்டாகின்றன. அந்த உண்டாவதைத்தான் ‘ஆக்கம்’ சொல்கிறது. துருவமோ அசையாதது என்று பொருள்படும் சொல். துருவ நட்சத்திரத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். மின்துகள்கள் நகர்வதால் நடப்பதற்கு அசையாமையின் பெயரா? வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. பஸ்ஸா பேருந்தா என்ற சண்டைக்கு நான் வருவதில்லை. துருவமும் முனையும் ஒன்றுதான், எதற்கு இரண்டும்? போதாக்குறைக்கு ‘முனைப்பு’ என்றால் தீவிரம். தேர்தல் வேலையில் முனைப்பு காட்டலாம், காட்மியம் டெல்லுரைடு என்ற குறைகடத்தி காட்டுமா? ‘முனைவு’ம் முயற்சிதானே என்பார்கள். பேச்சில் அதை யார் அப்படிச் சொல்கிறார்கள்?

நேர்மின் முனையும் எதிர்மின் முனையும் சேர்ந்த ‘இருமுனை’க்கும் இதே கதி. நிரந்தர இருமுனை கொண்ட தண்ணீர் மூலக்கூறு ‘இருதுருவ மூலக்கூறு’ ஆகிவிடுகிறது. காட்மியம் டெல்லுரைடு துகள்கள் தாமாகவே கோத்துக்கொண்டு நானோ கம்பிகளாவதை 2002-இல் விஞ்ஞானி கோட்டோவின் குழுவினர் காட்டினார்கள். இருமுனைகளுக்கு இடையிலான ஈர்ப்பே காரணம் என்றார்கள். அதைத் ‘துருவ ஈர்ப்பு’ என்று எழுதினால் பனிக்கரடிதான் நினைவுக்கு வரும்.

ஒளியலை ஒரே தளத்தில் அதிர்வதற்குத் தமிழில் ‘தளவிளைவு’ என்று தனிச்சொல்லே உண்டு. அதிர்வுத் திசை வட்டமாகச் சுழலும் ஒளிக்கு அது அவ்வளவு பொருந்தாது என்பது வேறு விஷயம். ஆனால் நானோ தண்டு (குச்சி வடிவத் துகள்) பற்றி எழுதும்போது இந்தப் பிரிவினையின் அருமை தெரியும்: ‘தளவிளைவுற்ற ஒளி, தண்டை நீளவாக்கில் முனைவாக்குகிறது.’ ஒளிக்கு ஒன்று, மின்துகளுக்கு ஒன்று. ஆங்கிலத்துக்கே இல்லாத வசதி. மொழிபெயர்ப்பாளர்கள் இதையே எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? ‘துருவமுனைப்படுத்தப்பட்ட ஒளி, தண்டைத் துருவமுனைப்படுத்துகிறது.’