ஒரு தடவ காசு, ரெண்டு தடவ மணகோலம்: ஏன்?

காரைக்குடியில பலகாரம் போட்டு ஆன்லைன்ல விக்கிற ஆச்சி ஒருத்தங்க கேட்டாங்க, "தம்பி, காசு ஒரு தடவதான் வந்துச்சு, ஒரே வீட்டுக்கு மணகோலம் ரெண்டு பெட்டி போயிருச்சு, ஆட்டோமேஷன்னா இப்படித்தானா?"ன்னு. கம்ப்யூட்டர்ல எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டி வேற தொங்கவிட்டிருக்காங்க. கண்ணெல்லாம் படலை ஆச்சி, நெட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிருச்சு, அவ்வளவுதான்.

கஸ்டமர் யுபிஐல காசு கட்டுனதும் பேமென்ட் கம்பெனி சர்வர் நம்ம சாப்ட்வேருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடும், வெப்ஹுக்னு பேரு, உடனே ஆர்டர் எழுதுற ஷீட்ல வரி ஏறும், வாட்ஸப் போகும், பேக்கிங் சிலிப் பிரிண்ட் ஆகும். இதெல்லாம் தெரிஞ்ச கதை.

கூத்து இதுக்கப்பறம்தான். மெசேஜ் வந்தா நம்ம பக்கம் "கெடச்சுது"ன்னு சொல்லணும், 200னு ஒரு நம்பர். அது போய்ச் சேரலைன்னா அனுப்புனவனுக்கு ஒண்ணும் புரியாது, மெசேஜே வரலையா, இல்ல வந்து பதில்தான் வழியில தொலைஞ்சுதா? அந்தக் காலத்துல ரங்கூன் கடைக்கு கப்பல்ல கடுதாசி போட்டுட்டு பதிலைக் காணாம உக்காந்திருந்த மொதலாளி நெலமைதான். பதிலுக்குப் பதில் போட்டா அதுவும் தொலையலாம். எத்தனை கடுதாசி போட்டாலும் இந்தச் சந்தேகம் தீராதுன்னு 1975லயே நிரூபிச்சுட்டாங்க, ரெண்டு தளபதி பிரச்சினைன்னு 1978ல கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஜிம் கிரே பேர் வச்சாரு. அதனால பதில் வரலைன்னா சர்வர் இடைவெளிய கூட்டிக்கூட்டி ஒரு எல்லை வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பும்.

அப்ப ரெண்டாவதா வந்தது பழசுதான்னு நம்மதான் கண்டுபிடிக்கணும். பேரையும் தொகையையும் வச்சு முடியாது, தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிற ஊரு இது, பந்தியில மெய்யப்பான்னு கூப்டா நாலு பேர் திரும்புவாங்க, ரெண்டு மெய்யப்பனும் 500 ரூபா பெட்டியே வாங்கலாம். அதுக்குத்தானே நம்மகிட்ட விலாசம் இருக்கு, வீட்டு அட்ரஸ் இல்ல, அப்பா, தாத்தான்னு முன்னோர் பேரோட இனிசியல் வரிசை, அதைச் சொன்னதும் எந்த வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சுரும். மெசேஜோட விலாசம்தான் ஐடி, ஒவ்வொரு மெசேஜுக்கும் அனுப்புறவன் போடுற தனி அடையாளம், பத்து தடவ அனுப்புனாலும் மாறாது. ஏற்கனவே வந்த ஐடின்னா 200 மட்டும் சொல்லிட்டு கம்முனு இருந்துரணும்.

நானே இதை மொத தடவ எழுதினப்ப வழுக்கி விழுந்திருக்கேன். ஒரே ஐடி ஒரே நேரத்துல ரெண்டு வந்துச்சு, ரெண்டும் ஷீட்டைப் பாத்துச்சு, "இல்ல"ன்னு தெரிஞ்சுச்சு, ரெண்டும் எழுதிருச்சு. மொய் எழுத ரெண்டு மேசை போட்டு ஆளுக்கொரு நோட்டு குடுத்த மாதிரி. பாத்துட்டு எழுதுறதே தப்பு, நேரா எழுதிரணும், ஒரு ஐடி ரெண்டு தடவ ஏறக்கூடாதுன்னு டேட்டாபேஸ்லயே கட்டுப்பாடு போட்டுட்டா ரெண்டாவதை அதுவே வாசல்ல நிறுத்திரும். எஸ்கியூலைட்னு (SQLite) ஒரு டேட்டாபேஸ் ஓசிலயே கெடைக்குது.

ஆச்சியோட ஷீட்டைத் தொறந்து பாத்தேன், செட் பண்ணிக் குடுத்தவங்க பேரு, போன் நம்பர், தொகை மட்டும் வாங்கி வச்சிருக்காங்க, ஐடி எழுத இடமே இல்ல. ஒரே மாதிரி ரெண்டு வரி, நடுவுல 40 செகண்ட். ஐடிய சேத்துக் குடுத்துட்டேன். எலுமிச்சம்பழம் இன்னும் தொங்குது.