பழைய என்ஜினுக்கு முன்கூட்டியே சூடு எதற்கு?

உறைநிலைக்கும் பல டிகிரி கீழே இறங்கிய காலையில் பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் முனகி நின்றுவிடுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தேங்கிய ஆயில் கெட்டிப்பட்டு, முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழலவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதைச் சுழற்றக் கூடுதல் மின்சாரம் வேண்டிய அதே நேரத்தில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதன் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. 1950களின் நடுப்பகுதி வரை பல கார்களில் இருந்த 6 வோல்ட் மின்னமைப்பில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். மேலும், பெட்ரோல் குளிர்ந்த உலோகத்தில் ஆவியாகாமல் துளிகளாக ஒட்டிக்கொள்வதால், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்துத் தேவைக்கு மேல் பெட்ரோலை உள்ளே விட வேண்டியிருக்கிறது.

எப்படியோ என்ஜின் கிளம்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். தேய்மானம் அப்போதுதான் தொடங்குகிறது. ஆவியாகாத பெட்ரோல், சிலிண்டர் சுவரில் படிந்த ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்ப்பில் உள்ள ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. தேன்போல் இறுகிய ஆயிலைப் பம்ப் மேலேற்றும் வரை வால்வுகளைத் திறக்கும் ராக்கர்கள் வறண்டபடியே உராய்கின்றன. சிலிண்டர்கள் அடங்கிய இரும்பு பிளாக்கைவிட அலுமினிய பிஸ்டன் அதிகமாகச் சுருங்குவதால், சூடேறும் வரை அது சுவரில் டக்டக்கென்று மோதும்.

இதற்கு மின்சாரத்தால் தீர்வு கண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். சிலிண்டர் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் சூடேற்றிக்கு அவர் 1949-ல் காப்புரிமை பெற்றார். இன்று பரவலாக உள்ள வகையில், பிளாக்கின் பக்கவாட்டுத் துளையை அடைத்திருக்கும் தகட்டு மூடி ஒன்றை எடுத்துவிட்டு, பெரும்பாலும் 400 முதல் 1000 வாட் வரையிலான சூட்டுக்கம்பியை என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் நுழைக்கிறார்கள். சூடான கூலன்ட் மேலெழ, குளிர்ந்தது கீழிறங்க, பம்ப் சுழலாமலே வெப்பம் பிளாக் முழுதும் பரவுகிறது. கூலன்ட் சூடேறும் வரை ரேடியேட்டருக்கான வழியை அடைக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போய் வீணாவதில்லை. தெர்மோஸ்டாட்டே இல்லாத மிகப் பழைய கார்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால் ரேடியேட்டரைப் போர்த்தி வைப்பது நல்லது.

ஆனால் அடியில் தொங்கும் சம்ப்புக்கு இந்தச் சூடு அவ்வளவாகப் போய்ச் சேராது. 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயில் ஊற்றும் கார்களுக்கு, சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் சூட்டுப்பட்டை கூலன்ட் சூடேற்றியைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய்க்குள் செருகும் கம்பியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது தன்னைச் சுற்றியுள்ள சிறிதளவு ஆயிலை மட்டும் கருக்கிவிடக்கூடும்.

கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு டைமர் மூலம் இயக்கினால் போதும். இரவு முழுதும் எரியவிடுவது வெறும் மின்செலவு. கூலன்ட் அளவு குறைந்திருந்தால் சூட்டுக்கம்பி வறண்டு கருகும். கார்புரேட்டரில் பெட்ரோல் கசியும் காரில், அந்தக் கசிவை அடைத்த பிறகே மின்கம்பியை அருகில் கொண்டுசெல்ல வேண்டும். எர்த் இணைப்பும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தாலும் கியர்பாக்ஸிலும் பின் அச்சிலும் உள்ள ஆயில் குளிர்ந்தேதான் கிடக்கும். எனவே முதல் சில கிலோமீட்டர் தூரம் கியர் கடினமாகவே விழும், வேகத்தையும் குறைத்தே ஓட்ட வேண்டும்.